ஒட்டவைத்த மூக்கு

போன சித்திரையில் திருச்சுழிக்குப் போயிருந்தபோது அக்கா மகன் எனக்கு முன்பே வந்து திண்ணையில் கடை விரித்திருந்தான். பிளாஸ்டர் மாவு, களிமண், சின்னச் சின்ன பிரஷ்கள், சிலிக்கான் டப்பாக்கள், ஒரு தலை பொம்மை. சென்னையில் ‘ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் மேக்கப்’ படிக்கிறான். சொந்தக்காரர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்று அக்காவுக்கு இன்னும் பிடிபடவில்லை. “சினிமாவுல மேக்கப்புக்குப் படிக்கிறான்” என்பாள். “பியூட்டி பார்லரா?” என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு மேல் பேச்சு வளராது.

படிப்பின் கடைசியில் அவன் ஒரு வேலை செய்து காட்ட வேண்டுமாம். பழைய தமிழ்ப் படம் ஒன்றிலிருந்து ஒரு முகம். அவன் தேர்ந்தெடுத்தது ‘ரத்தக்கண்ணீர்’. “மாமா, ஒரு ரெண்டு மணி நேரம் அசையாம உக்காருங்க, போதும்” என்றான். ஐ.டி. வேலையில் அசையாமல் உட்காருவதுதான் எனக்குப் பழக்கம். உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் மூன்றரை ஆனது. ஏற்கெனவே செய்துவைத்திருந்த சிலிக்கான் மூக்கை என் மூக்கின்மேல் ஒட்டி, ஓரங்களைக் கரைத்து, நெற்றியிலும் காதிலும் தடிப்புகள் வைத்து, புருவத்தை மெழுகால் மறைத்து, நிறம் ஏற்றினான். வெயில் நாற்பதைத் தொட்டிருக்கும். ஒட்டிய இடத்துக்குள் வியர்வை ஓடுவது தெரிந்தது. கண்ணாடியைக் காட்டினான். நடுத்தண்டு உட்கார்ந்துபோன மூக்கோடு யாரோ ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அப்பத்தா காபி கொண்டுவந்தாள். எண்பத்து நாலு வயது. கண்புரை ஆபரேஷன் செய்த பிறகு நன்றாகவே பார்வை தெரியும். வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. குனிந்து, டம்ளரை என் கையில் தராமல், எனக்கு நாலடி தள்ளித் தரையில் வைத்தாள். வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது போலிருந்தது.

“கழட்டுடா அத” என்றாள். என்னைப் பார்த்து அல்ல, அக்கா மகனைப் பார்த்து.

அந்த டம்ளரை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு சில மாதங்கள் வேலை முடிந்த இரவுகளில் மூக்கைப் பற்றியும் ஒப்பனையைப் பற்றியும் வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிக்க ஆரம்பித்த இடமே திருச்சுழியாகத்தான் இருந்தது.

*

திருச்சுழி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ரமணர். 1879-இல் அவர் பிறந்த வீடு பூமிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்களுக்கு அது குண்டாற்றங்கரை ஊர், அருப்புக்கோட்டைக்குப் போகும் பஸ் கிளம்பும் ஊர். ஆனால் இந்த ஊர் வெட்டப்பட்ட மூக்குகளுக்காகக் கைமாறிய ஊர் என்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

1650-களின் கடைசி ஆண்டுகள். மதுரையில் திருமலை நாயக்கர் வயதாகி நோய்ப்படுக்கையில் இருக்கிறார். மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜாவின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி மதுரையை நோக்கி வருகிறது. அந்தப் படைக்கு ஒரு விசித்திரமான கட்டளை. ஆளைக் கொல்ல வேண்டாம், மூக்கை அறுத்து அனுப்பு. ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு இல்லை. மூக்கோடு மேலுதட்டையும் சேர்த்து அறுத்தார்கள் என்றும், மூட்டை மூட்டையாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள் என்றும் அக்காலத்தில் இங்கே இருந்த ஏசுசபைப் பாதிரியார் புரோயென்சா 1659-ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். வரலாற்றுப் புத்தகங்களில் இதற்குப் பெயர் ‘மூக்கறுப்புப் போர்’.

மதுரை விழும் நிலையில், நாயக்கரின் ராணி ராமநாதபுரத்துக்கு ஓலை அனுப்புகிறார். ரகுநாத சேதுபதி மறவர் படையைத் திரட்டிக்கொண்டு வந்து மைசூர்ப் படையைத் துரத்துகிறார். துரத்திய படையும் சும்மா இருக்கவில்லை. மைசூர் எல்லைக்குள் போய் அங்கே மூக்குகளை அறுத்தது. மைசூர் அரசரின் மூக்கே அறுபட்டது என்றுகூட ஒரு பேச்சு உண்டு, ஆனால் வரலாற்றாசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை.

நாயக்கர் நன்றி காட்டினார். சேதுபதிக்கு ‘ராணி சொல் காத்தான்’ என்ற பட்டம். மதுரையைப் போலவே ராமநாதபுரத்திலும் நவராத்திரி கொண்டாடிக்கொள்ளும் உரிமை. கூடவே சில ஊர்கள்: திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம். இந்தப் பள்ளிமடம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சின்ன வயதில் அங்கே சைக்கிளில் போயிருக்கிறேன்.

பட்டம் என்ன ஆனது, ஊர்கள் என்ன ஆயின என்பதற்குப் பட்டயமும் புத்தகமும் இருக்கின்றன. மூக்கில்லாமல் மிஞ்சியவர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் அதற்குப் பிறகும் உழுதிருப்பார்கள், மாடு மேய்த்திருப்பார்கள், கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்திருப்பார்கள். ‘மூக்கறுபட்டுப் போனான்’ என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஒரு காலத்தில் இந்த மண்ணில் அது வெறும் பேச்சாக இல்லை.

*

மூக்கைத் திரும்ப வைக்கும் வேலை நம் நாட்டில் பழையது. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்வதைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. முதலில் ஓர் இலையை மூக்கின் அளவுக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் உலகம் இதைக் கவனித்தது இன்னொரு மைசூர்ப் போருக்குப் பிறகு.

1792-இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு வண்டிமாடு ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் ஆட்களிடம் சிக்குகிறார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்புகிறார்கள். ஓராண்டு மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் மூக்கு வைக்கிறார். லண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ 1794 அக்டோபர் இதழில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் பல ஆண்டுகள் யோசித்து 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தைத் தொட்டுத்தான் போகிறார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் அந்தச் செங்கல்காரர் வேலையைத் தொடங்கிய விதம். அவர் முதலில் கத்தியை எடுக்கவில்லை. மெழுகை எடுத்தார். வெட்டுப்பட்ட இடத்தின்மேல் மெழுகில் ஒரு மூக்கைச் செய்து பொருத்திப் பார்த்தார். சரியாக இருந்ததும் அதை எடுத்துத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை அறுத்துக் கீழே திருப்பினார். முதலில் உருவம், பிறகு சதை. மண்ணில் கைவைத்துப் பழகியவருக்குத்தான் அந்த வரிசை தோன்றியிருக்கும்.

முதல் உலகப்போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கும் இதே கைகள்தான் உதவின. ஹெரால்டு கில்லீஸ் போன்ற மருத்துவர்கள் அறுவை செய்தார்கள். அறுவைக்கு அப்பாற்பட்ட முகங்கள் சிற்பிகளிடம் வந்தன. லண்டனில் டெர்வென்ட் வுட், பாரிஸில் அன்னா கோல்மன் லேட். முகத்தைப் பிளாஸ்டரில் அச்செடுப்பார்கள். பழைய புகைப்படத்தைப் பார்த்துக் களிமண்ணில் இல்லாத மூக்கையும் தாடையையும் சேர்ப்பார்கள். அதன்மேல் மெல்லிய செம்புத் தகடு படியவைத்து, தோல் நிறத்தில் வண்ணம் பூசி, மூக்குக்கண்ணாடிக் கம்பியில் மாட்டி அனுப்புவார்கள். அன்னா லேடிடம் வந்தவர்கள் அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

அச்செடு, களிமண்ணில் திருத்து, அதிலிருந்து மெல்லிய தோல் ஒன்றைச் செய், ஒட்டு, நிறம் கொடு. இன்று அக்கா மகன் படிக்கும் படிப்பின் பாடத்திட்டமும் இதுதான்.

*

எங்கள் பக்கத்து மேடைக்கு இந்தக் கலை வரவே இல்லை. காரணம் இருக்கிறது.

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் கரிசல் ஊர்களில் கோயில் கொடைக்கு நாடகம் போடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த ஸ்பெஷல் நாடகம். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திர மயான காண்டம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். ஒப்பனையும் அவரவர் பெட்டி, அவரவர் கை. ஒரு சின்னக் கண்ணாடியும் அரை மணி நேரமும் போதும்.

பழைய ஒப்பனைப் பெட்டி முழுக்க நிறங்கள்தான். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, விஷம். அதைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத்தான் அன்றைய நடிகர்கள் முகத்தில் பூசினார்கள். பொருள் போய்விட்டது, சொல் மட்டும் மிஞ்சி ‘அரிதாரம் பூசினார்’ என்றால் நடிக்க வந்தார் என்று பொருளாகிவிட்டது. வெள்ளைக்கு முத்துவெள்ளை, அது துத்தநாக ஆக்ஸைடு. சிவப்புக்குச் செந்தூரம். கறுப்புக்கு மை. எண்ணெய் விளக்கிலும் பிறகு பெட்ரோமாக்ஸிலும் கடைசி வரிசையில் பாய்விரித்துப் படுத்திருப்பவனுக்கு முகம் தெரிய வேண்டும். அவனுக்குச் சுருக்கமும் தழும்பும் தெரியாது. நிறம் தெரியும். அதனால் நம் மேடை ஒப்பனை முகத்தின் வடிவத்தை மாற்ற முயலவில்லை. மயான காண்டத்தில் அரிச்சந்திரன் வெட்டியானாக வரும்போது முகத்தில் கொஞ்சம் கரி, இடுப்பில் ஒரு கந்தை. மிச்சத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும்.

சதையையும் ரத்தத்தையும் மேடையில் காட்டிய மரபு ஒன்று பக்கத்தில் கேரளத்தில் உண்டு. கதகளியில் மூக்கும் முலையும் அறுபட்ட சூர்ப்பனகையும் நக்ரதுண்டியும் ‘நிணம்’ அணிந்து வருவார்கள். அரிசிமாவு, மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்துச் செய்த ரத்தச்சேறு அது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி சுற்றும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த ரசாயனம். அதையே அவர்கள் அறுபட்ட மூக்குக்குப் பயன்படுத்தினார்கள்.

வடிவத்தை மாற்றும் தேவை காமிராவோடு வந்தது. காமிரா முகத்துக்கு அரையடி பக்கத்தில் வந்துவிடுகிறது. ஹாலிவுட்டில் லான் சேனி 1925-இல் ஓபரா பேயாகத் தன் மூக்கைத் தானே மாற்றிக்கொண்டார். 1931-இல் ஜாக் பியர்ஸ் பஞ்சையும் கொலோடியன் பசையையும் அடுக்கடுக்காக வைத்து பிராங்கன்ஸ்டைனின் பூதத்துக்கு நெற்றி கட்டினார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் நுரை ரப்பர் வந்தது. ரப்பர் பாலை முட்டை அடிப்பதைப் போல அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து எடுத்தால் தோலைப் போல அசையும் துண்டு கிடைக்கும். 1939-இன் ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் சிங்கமும் சோளக்கொல்லை பொம்மையும் அப்படி வந்தவர்கள்.

*

தமிழில் ஒரு நோயின் முகத்தை எல்லோர் மனதிலும் பதித்தவர் எம்.ஆர்.ராதா. திருவாரூர் கே.தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தை ஊர் ஊராக நடத்திப் பெயர் வாங்கிய பிறகு, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1954-இல் அது படமானது. வெளிநாடு போய்வந்த பணக்கார மோகனசுந்தரம், மனைவியை விட்டுக் காந்தா என்ற தாசியிடம் போகிறான். குஷ்டரோகம் வருகிறது. சொத்து போகிறது, கண் போகிறது, தடியூன்றித் தெருவுக்கு வருகிறான். கடைசியில், தன்னைப் பார்த்து மற்றவர்கள் திருந்த வேண்டும் என்பதற்காக இந்த நோய்க் கோலத்திலேயே தனக்கு ஒரு சிலை வைக்கச் சொல்கிறான்.

ராதாவின் நடிப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குரலையும் கேலியையும் இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. மூடநம்பிக்கையையும் மேல்தட்டுப் பவிசையும் அடித்து நொறுக்கிய படம். ஆனால் ஒரே ஒரு மூடநம்பிக்கையை அது அடிக்கவில்லை. குஷ்டம் தாசி வீட்டுக்குப் போனவனுக்கு வரும் தண்டனை என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு அதன்மேல்தான் கதையைக் கட்டியது. அது கிருமியால் வருவது என்று நார்வேயின் ஹான்சன் கண்டுபிடித்தது 1873-இல். அதுவும் எளிதில் தொற்றாத கிருமி. உடம்பில் குளிர்ச்சியான இடங்களைத் தேடிப் போகும். அதனால்தான் மூக்கின் குருத்தெலும்பு கரைந்து மூக்கு உட்காருகிறது, காது தடிக்கிறது, புருவம் உதிர்கிறது. ஒழுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படம் வந்த அடுத்த ஆண்டு, 1955-இல், இந்து திருமணச் சட்டம் வந்தது. தீராத கடுமையான குஷ்டம் விவாகரத்துக்கு ஒரு காரணம் என்று அதில் எழுதப்பட்டது. அந்தக் காரணம் சட்டத்திலிருந்து முழுதாக நீங்கியது 2019-இல்.

இதே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வடக்கே, வேலூர் சி.எம்.சி.யில், இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1946-இல் அங்கே வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். டாப்சோன் மாத்திரை வந்துவிட்டது, கிருமி ஒழிந்துவிடும். கையும் திறந்துகொண்டது. ஆனால் குணமானவர்களுக்கு யாரும் வேலை தரவில்லை. முகத்தைப் பார்த்ததும் துரத்தினார்கள். அதனால் மருத்துவர்கள் முகத்துக்கு வந்தார்கள். உட்கார்ந்த மூக்கை உள்ளிருந்து தூக்கி நிறுத்தினார்கள். உதிர்ந்த புருவத்துக்குத் தலையின் முடியுள்ள தோலில் ஒரு கீற்றை, ரத்தக்குழாய் அறாமல், நெற்றிக்குள்ளாக இழுத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அது தலைமுடி என்பதால் வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே மாநிலம், ஒரே பத்தாண்டு. ஓரிடத்தில் நல்ல மூக்கை உட்காரவைத்துக் காட்டினார்கள், இன்னோரிடத்தில் உட்கார்ந்த மூக்கை நிமிர்த்தினார்கள். முன்னது எங்கள் ஊர்க் கொட்டகை வரை வந்தது. பின்னது வரவில்லை.

ராதாவைப் பற்றிப் பேசும்போது அருப்புக்கோட்டைக்காரர்கள் இன்னொன்றையும் நினைப்பார்கள். 1967 ஜனவரி 12 அன்று ராதாவின் துப்பாக்கிக் குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் அந்தத் தேர்தலில் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. குரல் மாறிய எம்.ஜி.ஆர். பத்தாண்டு கழித்து, 1977-இல், முதலமைச்சரானது அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான். எங்கள் அப்பா அவரைத் திறந்த வண்டியில் பார்த்திருக்கிறார். “ரோஸ் பவுடர் போட்ட மாதிரி இருந்தாரு” என்பார். அந்தக் கட்டு ஒப்பனை இல்லை. இருந்தாலும் ஊர் அதை ஒரு வேஷத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தது, அழுதது, ஓட்டுப் போட்டது.

*

அக்கா மகனுடைய தெய்வம் கமல்ஹாசன். எங்கள் பக்கத்துப் பரமக்குடியில் பிறந்தவர், பால்ய வயதில் டி.கே.எஸ். நாடகக் குழுவில் இருந்தவர். அவ்வையார் வேஷத்தில் புகழ்பெற்று ‘அவ்வை சண்முகம்’ ஆன டி.கே.சண்முகத்தின் நினைவாகத்தான் 1996-இல் வந்த படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர். அதே ஆண்டு வந்த ‘இந்தியன்’ படத்தின் கிழவரும் அந்த மாமியும் ஹாலிவுட்டின் மைக்கேல் வெஸ்ட்மோர் துணையோடு உருவானவர்கள். 2008-இல் ‘தசாவதாரம்’ படத்தின் பத்து முகங்களுக்கும் அவர்தான். வெஸ்ட்மோர் ஒப்பனைப் பரம்பரையில் வந்தவர். அவருடைய தாத்தா ஜார்ஜ் வெஸ்ட்மோர் 1917-இல் ஹாலிவுட்டின் முதல் ஒப்பனைப் பிரிவை ஏற்படுத்தியவர்.

வெஸ்ட்மோருக்கு ஆஸ்கர் கிடைத்தது எந்தப் படத்துக்கு என்று தேடிப் பார்த்தேன். 1985-இல் வந்த ‘மாஸ்க்’. முக எலும்புகள் அளவுக்கு மீறி வளரும் அரிய நோயோடு வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பையனின் உண்மைக் கதை. அதற்கும் முன்னால், ஒப்பனைக்கென்று ஆஸ்கரில் நிரந்தரப் பிரிவு ஏற்பட்டதே ஒரு நோயாளியின் முகத்தால்தான். 1980-இல் வந்த ‘எலிஃபன்ட் மேன்’ படத்துக்காக கிறிஸ்டோபர் டக்கர், 1890-இல் இறந்த ஜோசப் மெரிக்கின் உடலிலிருந்து எடுத்து லண்டன் மருத்துவமனையில் வைத்திருந்த அச்சுகளைப் பார்த்து ஒப்பனை செய்தார். அதற்கு விருது கொடுக்கப் பிரிவே இல்லை என்று பலர் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, 1981-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து விருது வழங்கத் தொடங்கினார்கள்.

இந்தியாவிலும் அப்படித்தான். 2006-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தேசிய விருதில் ஒப்பனைப் பிரிவு வந்தது. 2008-க்கான விருது ‘நான் கடவுள்’ படத்துக்காக வி.மூர்த்திக்கு. பிச்சையெடுக்க வைக்கப்படும் ஊனமுற்றவர்களைப் பற்றிய படம். மாற்றுத்திறனாளிகளே அதில் நடித்தார்கள். 2009-க்கான விருது ‘பா’ படத்துக்கு, சிறுவயதிலேயே முதுமை தட்டும் நோயுள்ள பையனாக அமிதாப் பச்சனை மாற்றியதற்காக.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ‘எலிஃபன்ட் மேன்’ பார்த்தவர்கள் மெரிக்கை மனிதனாகப் பார்த்தார்கள். ‘மாஸ்க்’ பார்த்தவர்கள் அந்தப் பையனுக்காக அழுதார்கள். ஒரே கருவி, ஒரே ரப்பர். கதை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆனால் கதையை எழுதுகிறவருக்கு இருக்கும் பொறுப்பு, மூக்கைச் செய்கிறவருக்குக் கொஞ்சமும் இல்லையா? இந்தக் கேள்வியை அக்கா மகனிடம் கேட்டேன். “மாமா, எங்களுக்கு ரெஃபரன்ஸ் போட்டோதான் தருவாங்க. அது யாருன்னு சொல்ல மாட்டாங்க” என்றான். பிறகு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தான்.

*

அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது நன்றாக இருந்தது. முகத்தை அச்செடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொடியைத் தண்ணீரில் குழைத்தால் சில நிமிடங்களில் கெட்டித் தயிர்போல உறையும். பல் டாக்டர் அச்செடுப்பதும் இதில்தான். அது கடல்பாசியிலிருந்து வருவது. மண்டபம் பக்கத்துக் கடலில் பெண்கள் மூழ்கிப் பாசி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எடுக்கும் பாசிகளில் ஆல்ஜினேட்டுக்குப் போகும் வகைகளும் உண்டு. இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்ணும் காலும் மண்ணில் செய்து வைக்கும் வேளார் வீடுகளின் களிமண்ணுக்கும், அவன் ஆன்லைனில் வாங்கும் களிமண்ணுக்கும் எண்ணெய்ப் பதம் ஒன்றுதான் வித்தியாசம். பல் மருத்துவக் கல்லூரிகளில், புற்றுநோயால் மூக்கோ காதோ போனவர்களுக்கு இதே சிலிக்கானில் உறுப்பு செய்து ஒட்டும் பிரிவு இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது. நான் சொன்னதும் போனில் தேடி வெகுநேரம் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பத்தா மூன்று நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் ராத்திரி கரண்டு போனபோது அவளாகவே ஆரம்பித்தாள்.

அது எங்கள் தாத்தாவின் அண்ணன். நான் கேள்விப்பட்டதே இல்லை. அவள் கல்யாணமாகி வந்தபோதே அவர் வீட்டுக்குப் பின்னால் படப்படியில் தனிக்குடிசையில் இருந்தார். சோறு கொண்டுபோய் வைப்பது புது மருமகளின் வேலை. “நாலடி தள்ளி வச்சுட்டு வந்துரணும். அவுக நல்லாத்தான் பேசுவாக. கணக்கெல்லாம் வாயிலயே போடுவாக. உங்க தாத்தனுக்கு வரப்புத் தகராறுன்னா அவுகட்டதான் போயி நிப்பாரு.”

கொட்டகைக்கு ‘ரத்தக்கண்ணீர்’ வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. ஊரே வண்டி கட்டிப் போய்ப் பார்த்தது. அவளும் போனாள். மறுநாளிலிருந்து தெருப்பிள்ளைகள் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். மோகனசுந்தரம். குடிசைக்கு முன்னால் நின்று ராதாவின் குரலில் பேசிக் காட்டுவார்கள். பெரியவர்களும் ஒரு மாதிரியாகப் பேச ஆரம்பித்தார்கள், அவர் வாலிபத்தில் எங்கெங்கே போயிருப்பார் என்று. “அவுக அப்பிடிப்பட்ட ஆளே இல்ல. கல்யாணமே கட்டாதவுக. ஊருக்கு அதெல்லாம் என்னத்துக்கு?” ஒரு நாள் சோறு வைக்கப் போனபோது குடிசை காலியாக இருந்தது. போன திசை யாருக்கும் தெரியவில்லை. தாத்தா மதுரை வரை தேடிப்போய்விட்டு வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

1983-இலிருந்து கூட்டுமருந்துச் சிகிச்சை மாவட்டம் மாவட்டமாக வந்தது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள். ஆறு மாதம், முற்றியிருந்தால் ஒரு வருஷம். 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோயாளிகள் குறைந்துவிட்டார்கள் என்று இந்தியா அறிவித்தது. இதையெல்லாம் நான் அப்பத்தாவிடம் சொன்னேன். “அப்ப சோத்தத் தள்ளி வச்சிருக்க வேணாமோ?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

“போட்டோ இருக்கா அப்பத்தா?” என்று அக்கா மகன் கேட்டான்.

“அவுகள யாரு போட்டோ புடிச்சா?”

கரண்டு வந்தது. அவன் உள்ளே போய்க் களிமண்ணையும் அந்தத் தலை பொம்மையையும் எடுத்துவந்தான். நோய் முற்றுவதற்கு முன்னால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டான். அப்பத்தா முதலில் “போடா” என்றாள். பிறகு, “மூக்கு உங்க தாத்தன் மூக்குதான். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு” என்று என் அப்பாவைக் காட்டினாள். அப்பா வெளிச்சத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தார். அவன் அவரைப் பார்த்துப் பார்த்து மண்ணை வைத்தான். அப்பத்தா கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டாள்.

“நுனி இம்புட்டு மொத்தமில்லடா. இங்கன கொஞ்சம் எடு” என்று சொல்லி, தன் விரலாலேயே தொட்டுத் திருத்தினாள்.